வலிக்காத கால்

காலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப் போகிறேன் என்று சொன்னதும், "கண்ணைப் பற்றி எழுதும், ரசிப்பார்கள், காலைப் பற்றி எழுதினால் யார் படிப்பார்கள்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். கதாநாயகியின் கண்ணுக்கு ஐந்து பக்கம் ஒதுக்கும் எங்கள் கதாசிரியர் கூட்டம், அவளுடைய காலுக்கு ஒரு கொலுசை மாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. பெரியவர்களைக் கண்டால் காலில் விழுகிறோம். கல்யாணப் பந்தலுக்கு முகூர்த்தக்கால் நடுகிறோம். ஆனால், சொந்தக் காலை ஒரு நாளாவது திருப்பி வைத்து உள்ளங்காலைப் பார்த்தோமா என்றால், பெரும்பாலோர் விழிப்போம்.

எங்கள் கடையநல்லூர் காலால் பிழைத்த ஊர். மேற்கே மலை, மலையிலிருந்து இறங்கும் தண்ணீர், குளம், வயல். வயலில் சேறு மிதிக்கும் கால்கள். ஊருக்குள்ளே தறி. கைத்தறி என்று பெயர் வைத்துக் கைக்கு எல்லாப் புகழையும் கொடுத்துவிட்டார்கள். குழித்தறியில் உட்கார்ந்தவரைக் கேட்டுப் பாருங்கள். குழிக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் மிதியை மாற்றி மாற்றி அழுத்துவது கால்தான். கால் நின்றால் பாவு திறக்காது. பாவு திறக்காவிட்டால் நாடா ஓடாது. நாடா ஓடாவிட்டால் அடுப்பு எரியாது.

இப்படிப்பட்ட ஊரில் காலுக்கு வரும் உபத்திரவங்களுக்குப் பெயர் இல்லாமல் போகுமா? சேற்றுப்புண், பித்தவெடிப்பு, கால் ஆணி, நகச்சுத்தி, குதிகால் வலி, சுளுக்கு என்று ஒரு பட்டியலே உண்டு. மேல்நாடுகளில் இவற்றுக்கென்றே படித்துப் பட்டம் பெற்ற பாத வைத்தியர்கள் இருக்கிறார்கள். பல்லுக்குப் பல் டாக்டர் இருப்பது போலக் காலுக்குக் கால் டாக்டர். நம் நாட்டில் அந்தத் தொழில் தனியாக வேர் பிடிக்கவில்லை. எலும்பு டாக்டர், தோல் டாக்டர், சர்க்கரை டாக்டர் மூவருமாக ஒரு காலைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

வைத்தியம் என்னவோ பெரும்பாலும் சாமான்யமானதுதான். விரல் இடுக்கில் ஈரம் தங்கி வரும் சேற்றுப்புண்ணுக்கு நம் பாட்டிகள் மருதாணி அரைத்துப் பூசினார்கள். டாக்டர்கள், இடுக்கை உலர்த்திக் காளானைக் கொல்லும் களிம்பைத் தடவச் சொல்கிறார்கள். கால் ஆணி என்பது ஆணியே அல்ல. ஒரே இடத்தில் ஓயாமல் அழுத்தம் விழுந்தால், தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடித்துப் போகிறது. தடித்த தோல் உள்ளே குத்துகிறது. அதைச் சீவி எடுத்துவிட்டுப் பழைய செருப்பையே மாட்டிக்கொள்வது, மடையை அடைக்காமல் வயல் தண்ணீரை இறைப்பதற்குச் சமானம். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் உயிரை வாங்கும் குதிகால் வலி, குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை ஓடும் ஒரு நார்ப்பட்டை நைந்து போவதால் வருவது. கெண்டைக்காலை நீட்டி இழுக்கும் பயிற்சியும், குதிகாலுக்கு மெத்தென்ற செருப்பும், சில மாதப் பொறுமையும் பெரும்பாலோருக்குப் போதும். கணுக்கால் பிசகினால் கட்டுப் போட்டு, உயர்த்தி வைத்து, ஓய்வு கொடுத்து, வீக்கம் வடிந்தபின் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். நாலு அடி கூட ஊன்ற முடியவில்லை என்றால், சுளுக்கு எடுக்கிறவரிடம் போகாமல் எக்ஸ்ரே எடுக்கிறவரிடம் போக வேண்டும்.

இந்த உபத்திரவங்களுக்கெல்லாம் ஒரு பொதுக் குணம் உண்டு. இவை அரிக்கும், அல்லது வலிக்கும். வலிப்பதால் நாம் நொண்டுகிறோம். நொண்டுவதால் காலுக்கு ஓய்வு கிடைக்கிறது. ஓய்வு கிடைப்பதால் பாதி குணமாகிறது. ஆகையால் இவற்றைக் கண்டு ரொம்பவும் பயப்படத் தேவையில்லை. பயப்பட வேண்டியது வேறொரு காலைப் பார்த்து. அதுதான் வலிக்காத கால். அந்தக் காலின் சரித்திரம் நம்முடைய தமிழ்நாட்டிலேயே நடந்த சரித்திரம்.

கடையநல்லூரிலிருந்து ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக வடக்கே போனால் மதுரை. 1842-ஆம் ஆண்டில், கும்பினி ஆட்சிக் காலத்தில், அந்த மதுரையின் வைத்தியசாலையில் கில் என்ற வெள்ளைக்கார டாக்டர் ஒரு விசித்திரமான கால் வியாதியைக் கவனித்து எழுதி வைத்தார். பாதம் பருத்து உருண்டு போயிருக்கும். மேலெல்லாம் கட்டி கட்டியாக எழும்பி, ஒவ்வொன்றிலும் ஒரு துளை. துளையிலிருந்து சீழ் வடியும். சீழோடு கடுகு போலவும் மணல் போலவும் சிறுசிறு மணிகள் உதிரும். 1846 வாக்கில் கோல்புரூக் என்ற இன்னொரு டாக்டர் இதை 'மதுரைக் கால்' என்று குறிப்பிட்டார். மல்லிகைக்கும் மீனாட்சிக்கும் பெயர் போன ஊர், உலகத்து வைத்திய புத்தகங்களில் ஒரு வியாதியின் பெயரால் ஏறியது இப்படித்தான்.

வியாதி அதற்கு வெகுகாலம் முந்தியது என்பதில் சந்தேகமில்லை. வடமொழி வைத்திய நூல்களில் 'வல்மீகம்' என்று ஒரு நோய் வருகிறது. வல்மீகம் என்றால் புற்று. பாதத்தில் புற்றுப் போல எழும்பிக் கண் கண்ணாகத் திறக்கும் இந்த நோயைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது என்று வைத்திய சரித்திரம் எழுதுகிறவர்கள் சொல்வதுண்டு. கரையான் புற்றைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தத்தை விளக்க வேண்டியதில்லை.

இந்தக் காலின் விசேஷம் என்னவென்றால், ஆரம்பத்தில் அது வலிக்காது. முள் குத்திய இடத்தில் ஒரு சிறிய முண்டு. முள்ளை எடுத்தாகிவிட்டது, முண்டு மட்டும் நிற்கிறது. வலி இல்லை, ஆகவே கவலையும் இல்லை. உழவு இருக்கிறது, அறுவடை இருக்கிறது, மகள் கல்யாணம் இருக்கிறது. மாதங்கள் போகும், வருஷங்கள் போகும். முண்டு கட்டியாகி, கட்டி துளையாகி, உள்ளே எலும்பை அரிக்கத் தொடங்கிய பிறகு அந்த மனிதர் ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவார். அப்போது டாக்டரிடம் ஒரே ஒரு வைத்தியம்தான் இருந்தது. கத்தி.

1842-ல் மயக்க மருந்தும் கிடையாது. ஈதரை முகரக் கொடுத்து வலியில்லாமல் அறுக்கலாம் என்று அமெரிக்காவில் ஊரறியச் செய்து காட்டியதே 1846-ல்தான். வருஷக் கணக்கில் வலிக்காமல் இருந்த கால், போகிற அன்றைக்கு மொத்த வலியையும் வட்டியோடு வசூல் செய்துகொண்டு போயிற்று. அப்படிக் காலைக் கொடுத்த குடியானவர்களின் பெயரைச் சரித்திரம் குறித்து வைக்கவில்லை. ஊர்ப் பெயர் மட்டும் மிஞ்சியது.

பிறகு இந்த வியாதியின் குட்டை உடைக்க ஒருவர் வந்தார். அவருடைய கதை ஒரு நாவலுக்குக் காணும். ஹென்றி வான்டைக் கார்ட்டர் என்று பெயர்; ஓவியர் ஒருவரின் மகன். லண்டனில் கிரே என்ற டாக்டர் எழுதிய உடற்கூறு சாஸ்திரப் புத்தகத்துக்குப் படம் வரைந்தவர் இவரே. 1858-ல் வெளிவந்த அந்தப் புத்தகம் இன்றைக்கும் புதுப்பதிப்புக் கண்டுகொண்டிருக்கிறது. உலகமெங்கும் அதை 'கிரேயின் புத்தகம்' என்றே சொல்வார்கள். 'கார்ட்டரின் படம்' என்று சொல்வாரில்லை. புத்தகம் வெளிவந்த அதே 1858-ல் கார்ட்டர் இந்திய வைத்திய உத்தியோகத்தில் சேர்ந்து கப்பலேறிப் பம்பாய்க்கு வந்துவிட்டார். கிரான்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு ஆசிரியர் ஆனார்.

பம்பாயில் வெட்டி எடுக்கப்பட்ட கால்களை, மற்றவர்கள் புதைத்துவிட்டு மறந்த கால்களை, அவர் மேஜைமேல் வைத்து அறுத்துப் பார்த்தார், பூதக்கண்ணாடியில் வைத்தார், பழைய பழக்கத்தை விடாமல் வரைந்தார். எலும்புக்குள் சுரங்கம் போல வழிகள். ஒவ்வொரு வழியிலும் அந்த மணிகள். சிலவற்றில் கறுப்பு, சிலவற்றில் வெளிறிய நிறம். கறுப்பு மணி என்பது ஒரு காளான் என்று 1860-61 வாக்கில் அவர் எடுத்துச் சொன்னார். வியாதிக்கு 'மைசிடோமா' என்று பெயரும் வைத்தார்; 'காளான் கட்டி' என்று பொருள். 1874-ல் அவர் கண்டதையெல்லாம் திரட்டி லண்டனில் ஒரு புத்தகமாக வெளியிட்டார்கள். படங்களும் அவருடையவையே. இந்தப் புத்தகத்தில் அவர் பெயரை யாரும் மறைக்க முடியவில்லை.

பின்னால் வந்தவர்கள் வழக்கைத் தெளிவாகப் பிரித்தார்கள். மண்ணில் வாழும் காளான் முள்ளோடு உள்ளே புகுந்து வருவது ஒரு வகை. மண்ணில் வாழும் ஒரு ஜாதி பாக்டீரியா புகுந்து வருவது இன்னொரு வகை. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. காளானுக்கு 'மதுரெல்லா' என்று பெயர். பாக்டீரியாவுக்கு 'ஆக்டினோமதுரா' என்று பெயர். இரண்டிலும் நம் மதுரை ஒட்டிக்கொண்டிருக்கிறது! ஊர்ப் பெயரை நோய்க்கு வைக்காதீர்கள், அந்த ஊராருக்கு அவமானம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2015-ல் புத்தி சொன்னது. புதிய நோய்களுக்குத்தான் அந்தப் புத்தி. மதுரைக்கு நூற்றெழுபது வருஷம் தாமதம். அதே ஸ்தாபனம் 2016-ல் இந்த வியாதியை 'கவனிப்பாரற்ற வெப்ப மண்டல நோய்கள்' பட்டியலில் சேர்த்தது. காலில் செருப்பில்லாதவனுக்கு வரும் வியாதியைக் கவனிக்க 1842-லிருந்து அவ்வளவு காலம் பிடித்தது.

இன்றைக்குக் காலை வெட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பாக்டீரியா வகைக்குப் பல மாதம் மருந்து கொடுத்துக் கத்தியில்லாமலே பெரும்பாலும் குணப்படுத்துகிறார்கள். காளான் வகைதான் பிடிவாதக்காரன். நீண்ட காலம் மாத்திரையும், அதோடு கட்டியை அகற்றும் அறுவையும் வேண்டியிருக்கிறது. எதுவானாலும் முண்டு சிறிதாக இருக்கும்போதே வந்தவருக்குக் கால் மிஞ்சும். ஆனால் வலிக்காத முண்டுக்கு வேலையை விட்டுவிட்டு யார் வருகிறார்கள்?

இந்தக் கேள்விக்கு மதுரையில் விடை கிடைக்கவில்லை. நூறு வருஷம் கழித்து வேலூரில், வேறொரு வியாதியின் மூலமாக விடை கிடைத்தது.

பால் பிராண்ட் என்பவர் 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். தாய் தகப்பன் இருவரும் அந்த மலையில் ஊழியம் செய்த ஆங்கிலேயர்கள். ஒன்பது வயதுவரை மலைப் பிள்ளைகளோடு வெறுங்காலோடு திரிந்தவர், படிப்புக்காகச் சீமைக்குப் போனார். முதலில் தச்சு வேலையும் கட்டட வேலையும் கற்றார், பிறகுதான் வைத்தியம். 1946-ல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை டாக்டராக வந்து சேர்ந்தார். அடுத்த வருஷம் செங்கற்பட்டில் இருந்த தொழுநோய் ஆஸ்பத்திரியைப் பார்க்கப் போனார். அந்த ஒரு நாள் அவருடைய வாழ்க்கையைத் திருப்பிவிட்டது.

அப்போது ஜனங்களும் டாக்டர்களும் ஒன்றாக நம்பிய விஷயம், தொழுநோய் வந்தால் சதை அழுகி விரல் தானாக உதிர்ந்துவிடும் என்பது. பிராண்ட் அதை நம்ப மறுத்தார். நோயாளிகளோடு கூடவே இருந்து கவனித்தார். துருப்பிடித்த பூட்டைத் திறக்க அவரால் முடியாதபோது, ஒரு நோயாளிப் பையன் சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்தான். அவன் விரலைப் பார்த்தால், சாவி அறுத்து எலும்பு தெரிகிறது. பையனுக்கு அது தெரியவேயில்லை. ராத்திரியில் எலி வந்து விரலைக் கடித்துக்கொண்டு போனாலும் தூக்கம் கலையாத நோயாளிகள் இருந்தார்கள். அவர்கள் பாதுகாப்புக்குப் பூனை வளர்க்கச் சொன்னார் டாக்டர். நோய் செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான்: நரம்பைக் கெடுத்து வலியைத் திருடிக்கொண்டது. மீதி அழிவையெல்லாம் நெருப்பும் கல்லும் ஆணியும், தினசரி நடையும் செய்தன.

காலில் இது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. நமக்குக் கால் வலித்தால், நம்மை அறியாமலே பாரத்தை ஓரத்துக்கு மாற்றிக்கொள்கிறோம். உணர்ச்சியற்ற கால் மாற்றிக்கொள்ளாது. ஒரே இடத்தில் ஆயிரம் அடி, பத்தாயிரம் அடி விழும். முதலில் அந்த இடம் சிவந்து சூடாகும், அப்புறம் உள்ளே நசுங்கும், அப்புறம் புண். புண்ணுக்குக் களிம்பு போட்டுவிட்டு நோயாளி அதே காலால் வீட்டுக்கு நடந்து போவார். எப்படி ஆறும்?

வைத்தியம் ஆச்சரியமான அளவுக்கு எளிமையாக இருந்தது. எலும்பு முறிவுக்குப் போடும் மாவுக்கட்டைப் புண்பட்ட காலுக்கு, பாதத்தின் மேடு பள்ளத்தோடு ஒட்டிப் பொருந்தும்படி போட்டார்கள். பாரம் புண்மேல் மட்டும் விழாமல் கால் முழுவதும் பரவிற்று. வருஷக் கணக்கில் ஆறாத புண் சில வாரங்களில் ஆறியது. இந்த முறையை 1930-களிலேயே இலங்கையில் டாக்டர் மில்ராய் பால் தொழுநோயாளிகளுக்குக் கையாண்டிருந்தார். ஆறிய கால் மறுபடி புண்ணாகாமல் இருக்கச் செருப்பு வேண்டுமே? அங்கேதான் தச்சுக் கை உதவியது. பஞ்சு போல நுண்துளை நிறைந்த ரப்பரை உள்ளே வைத்து, ஒவ்வொரு காலுக்கும் பொருந்தும்படி வேலூரில் செருப்புச் செய்யத் தொடங்கினார்கள். பக்கத்துக் கரிகிரியில் 1955-ல் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இந்த வேலையை வளர்த்தது. டாக்டரும் செருப்புத் தைக்கிறவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரு காலைப் பற்றி யோசித்தார்கள். நம் தேசத்துச் சரித்திரத்தில் இது சின்ன விஷயமில்லை.

1966-ல் பிராண்ட் அமெரிக்காவில் லூயிசியானா மாகாணத்துக் கார்வில் தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனார். போன இடத்தில், தொழுநோயே இல்லாத அமெரிக்கர்களின் காலிலும் அதே புண்ணைக் கண்டார். அவர்கள் சர்க்கரை வியாதிக்காரர்கள். நாள்பட்ட சர்க்கரையும் நரம்பைக் கெடுத்து வலியைத் திருடுகிறது. கணுக்கால் எலும்புகள் நொறுங்கிப் பாதம் சட்டி கவிழ்த்தாற்போல ஆனபின்னும், வலி போதாமல் அதன்மேலேயே நடக்கிறவர்கள் உண்டு. வேலூர்ச் செருப்பும் மாவுக்கட்டும் கடல் தாண்டிப் பணக்கார நாட்டுக் கால்களைக் காப்பாற்றப் புறப்பட்டன. இன்றைக்கு உலகமெங்கும் சர்க்கரைப் புண்ணுக்குச் சிறந்த சிகிச்சைகளில் ஒன்று அந்த மாவுக்கட்டுத்தான். டாக்டர் உள்ளங்காலில் ஒரு நைலான் இழையை வைத்து அழுத்துகிறாரே, பத்து கிராம் பாரத்துக்கு வளையும் இழை, அது தெரிந்தால் காலுக்குக் காவல் இருக்கிறது என்று அர்த்தம். அந்த அளவை 1986-ல் வகுத்தவர்களும் கார்வில்காரர்களே.

செயற்கையாக வலியை உண்டாக்கவும் பிராண்ட் முயன்றார். அழுத்தம் அதிகமானால் கத்தும் காலுறை, பிறகு மின்சார அதிர்ச்சி என்றெல்லாம் செய்து பார்த்தார். நோயாளிகள் வேலை முடியும்வரை விசையை நிறுத்தி வைத்துவிட்டார்கள்! நிறுத்த முடியாததால்தான் வலிக்கு மரியாதை என்று அவருக்குப் புரிந்தது. வலியை ஒரு வரம் என்று புத்தகம் எழுதிய அந்த மனிதர் 2003-ல் காலமானார்.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன். குழித்தறிகள் குறைந்துவிட்டன, வெறுங்கால்களும் குறைந்துவிட்டன. அந்த இடத்துக்குச் சர்க்கரை வந்துவிட்டது. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2023-ல் வெளிவந்த ஆராய்ச்சி கணக்குச் சொல்கிறது. சென்றமுறை ஊருக்குப் போயிருந்தபோது, கடைவீதியில் பழைய தறிக்காரர் ஒருவர் என்னோடு பேசிக்கொண்டே நடந்தார். அவர் வைத்த அடியில் தரையில் ஒரு சிவப்புப் பொட்டு. செருப்பைக் கழற்றச் சொன்னேன். செருப்பின் ஆணி ஒன்று மேலே கிளம்பி உள்ளங்காலில் இறங்கியிருந்தது.

"எப்போது குத்தியது?" என்றேன்.

"யாரு கண்டா அண்ணாச்சி? வலிச்சாத்தான தெரியும்? வலியே இல்லையே!" என்று சிரித்தார்.

அதே சிரிப்பைத்தான் 1842-ல் மதுரை வைத்தியசாலைக்கு வராத குடியானவனும் சிரித்திருப்பான். வலி இல்லை என்பதை நாம் நல்ல செய்தியாகவே கேட்டுப் பழகிவிட்டோம். நூற்றெண்பது வருஷச் சரித்திரம் நமக்குச் சொல்வது அதற்கு நேர்மாறானது. காலில் புண் இருந்து வலி இல்லாவிட்டால், அதுதான் ஓட வேண்டிய நேரம். முள் எடுத்த இடத்தில் முண்டு நின்றுவிட்டால், அதுதான் டாக்டரிடம் காட்ட வேண்டிய நாள்.

மற்ற நாட்களுக்குச் செலவில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. சர்க்கரைக்காரர்கள் ராத்திரி படுக்கப் போகுமுன் விளக்கடியில் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். இரண்டு காலையும் தொட்டுப் பார்த்து, ஓரிடம் மட்டும் சுட்டால் மறுநாள் நடையைக் குறைத்து டாக்டரைப் பார்க்க வேண்டும். ஆணியைப் பிளேடால் சீவக் கூடாது. வெந்நீரில் காலை வைக்குமுன் உணர்ச்சியுள்ள ஒருவர் கையை விட்டுப் பார்க்க வேண்டும். செருப்பு மாட்டுமுன் உள்ளே விரலால் தடவ வேண்டும்.

தறிக்காரர் வீட்டில் இப்போது இந்த வேலையை அவருடைய பேத்தி செய்கிறாள். அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கிற சிறுமி. தினமும் ராத்திரி பாட்டனாரின் இரண்டு காலையும் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, பாடப் புத்தகம் வாசிப்பது போல ஒவ்வொரு விரலாகப் பார்க்கிறாள். கிழவருக்குக் கூச்சம் தாங்கவில்லையாம். உள்ளங்காலில் அல்ல; அங்கேதான் உணர்ச்சி கிடையாதே!